பழைய மோட்டார் சைக்கிளும் மலிவான கூலியும்

பழைய மோட்டார் சைக்கிளின் பழுதைச் சொந்தக்காரரே பார்ப்பது வீண் வேலை என்பது மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட கருத்து. அதற்கான காரணங்களும் எல்லோருக்கும் மனப்பாடம். தெருவுக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது, கூலியும் மலிவு. மெக்கானிக்கின் அனுபவம் சொந்தக்காரருக்கு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பதைவிடச் சில நூறு ரூபாயைக் கொடுத்துவிடுவது மேல். அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டியைக் கழற்றிப் போட இடமில்லை. படித்தவர் கையில் கிரீஸ் படுவது அழகல்ல என்ற எண்ணமும் இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை.

இந்தக் கருத்து தவறானது. புது வண்டிக்கு அது ஓரளவு பொருந்தலாம். பழைய வண்டிக்குப் பொருந்தாது. கூலி மலிவு என்பது உண்மைதான். ஆனால் அந்த மலிவு பழைய வண்டிக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. கடையில் விடப்படும் பழைய வண்டி ஒழுங்காகப் பழுது பார்க்கப்படாமல் போவதற்கு முதற்காரணமே அந்த மலிவுதான்.

பழைய வண்டி என்று இங்கே சொல்லப்படுவது எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனத்தோடு சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் செய்துவந்த 346 சி.சி. வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் அவற்றில் மூத்தது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1996 வரை செய்த ஜாவா, யெஸ்டி வண்டிகள் உண்டு. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100, அதே 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஆகியவையும் உண்டு. லஸ் முனையிலும் பெசன்ட் நகரிலும் இவை இன்னும் ஓடுகின்றன. கார்ப்பரேட்டரில் ஓடுபவை இவை எல்லாம். புல்லட்டிலும் யெஸ்டியிலும் பற்றவைப்புக்குப் பாயின்ட் இருக்கும். ஓட ஓடத் தளர்ந்து, தளர்ந்ததைத் திருகிச் சரிசெய்தால் மீண்டும் ஓடும்படி வடிவமைக்கப்பட்ட எந்திரங்கள் அவை. வண்டியோடு கருவிப் பை ஒன்றைக் கொடுத்து, அதை வைப்பதற்குப் பக்கவாட்டில் பூட்டுள்ள பெட்டியும் வைத்து, பாயின்டைச் சுத்தம் செய்வது, டேப்பெட் பார்ப்பது, செயினை இறுக்குவது போன்றவற்றைக் கையேட்டில் சொந்தக்காரருக்கே விளக்கி எழுதினார்கள் தயாரித்தவர்கள். சொந்தக்காரர் இவற்றைச் செய்வார் என்ற நம்பிக்கையில்தான் அந்த வண்டிகள் விற்கப்பட்டன. கடைக்குக் கொடுத்துவிடுவதே இயல்பு என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்தது.

இனி, மலிவான கூலி. மெக்கானிக் ஷெட்டில் ஒருவர் காசு கொடுப்பது எதற்கு? ஆயில் மாற்ற, கிளட்ச் பிளேட் போட, பிரேக் ஷூ மாற்ற என்று பெயர் சொல்லக்கூடிய வேலைகளுக்கு. பழைய வண்டிக்கு வேண்டிய வேலை பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இல்லை. என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் அதில் பெரிய வேலை. அரை நாள் உட்கார்ந்து, ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினால் வண்டி சரியாகிவிடும். அந்த அரை நாளுக்கு இந்த ஊரில் யாரும் கூலி கொடுப்பதில்லை. "ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினதுக்கா இவ்வளவு?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஆகவே மெக்கானிக் எதையாவது மாற்றியே ஆக வேண்டும். மாற்றினால்தான் பில் போட முடியும்; உதிரிபாகத்தில் கிடைக்கும் சிறு லாபமும் கூலியும் சேர்ந்தால்தான் கடை வாடகையும் பையன்களின் சம்பளமும் தேறும். பிளக் மாறும், கண்டென்சர் மாறும், காயில் மாறும். அப்படியும் வண்டி சரியாகாவிட்டால் 'இன்ஜினை இறக்கணும்' என்ற பேச்சு வரும்.

மெக்கானிக்குகள் ஏமாற்றுக்காரர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. சொந்தமாக வேலை செய்ய வேண்டும் என்று வாதிடுவோரில் பலர் அந்தப் பழியைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அது அநியாயம், தேவையும் இல்லை. நாணயமான மெக்கானிக்கும் இந்தக் கணக்குக்குள்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. யோசிப்பதற்குக் கூலி இல்லாத இடத்தில் யோசனையை எதிர்பார்த்து வண்டியை விட்டுவிட்டு வருவதுதான் தவறு.

புல்லட்டின் பாயின்ட் கோளாறு ஒன்றை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். பாயின்டின் அசையும் கை, சுழலும் கேமின் மேல் ஒரு ஃபைபர் குதிகாலால் உராய்ந்துகொண்டே இருக்கிறது. அந்தக் குதிகால் நாளாவட்டத்தில் தேயும். தேயத் தேயப் பாயின்ட் திறக்கும் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் அது திறக்கும் நேரம் பிந்தும். பொறி தாமதமாக விழும். வண்டிக்கு இழுவை குறையும், இன்ஜின் அளவுக்கு மீறிச் சுடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், டிராஃபிக்கில் நின்றால் ஆஃப் ஆகும். ஒரே நாளில் வந்த மாற்றம் இல்லை என்பதால் சொந்தக்காரர் அதைச் சரியாகச் சொல்லவும் மாட்டார். ஷெட்டில் போய் "அண்ணே, புல்லிங் இல்ல, ரொம்ப சூடாகுது" என்பார். அந்த இரண்டு குறிகளும் தேய்ந்த பிஸ்டன் ரிங்குக்கும் பொருந்தும். ஆகவே சிலிண்டரைக் குடையும் போர் வேலை என்று முடிவாகும். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். போர் செய்து பூட்டும்போது பாயின்டையும் வழக்கம்போலச் சரிசெய்துவிடுவார்கள். வண்டி நன்றாக இழுக்கும். போர் வேலைதான் அதைச் சரிசெய்தது என்று சொந்தக்காரரும் மெக்கானிக்கும் மனமார நம்புவார்கள். ஆனால் தேயாத சிலிண்டர் ஒன்று குடையப்பட்டிருக்கும். ஒரு சிலிண்டரை இத்தனை முறைதான் குடைய முடியும் என்ற வரம்பு உண்டு. அதில் ஒரு முறை வீணாகியிருக்கும்.

இதே கோளாறைச் சொந்தக்காரர் பார்ப்பதற்கு வேண்டியது ஒரு பீலர் கேஜ், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அரை மணி நேரம். கேமின் உச்சியில் குதிகால் நிற்கும்படி இன்ஜினைக் கிக்கரால் மெல்ல நகர்த்தி, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று அளந்து, இல்லையென்றால் பூட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி நகர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். பாயின்ட் முகத்தில் கறுப்பு படிந்திருந்தால் அதை எடுக்க வேண்டும். குதிகால் உராயும் இடத்தில் துளி கிரீஸ் வைத்தால் அடுத்த தேய்மானம் தாமதமாகும். இடைவெளியைத் தேவைக்கு மேல் அகட்டிவிட்டால் பொறி முந்தி விழும், கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். கண் மதிப்பில் வைக்காமல் அளந்து வைக்கச் சொல்வது அதனால்தான். எந்தக் கருவியும் இல்லாமலேகூட ஒரு சோதனை உண்டு. ஹெட்லைட்டின் மேலிருக்கும் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயின்ட் மூடும்போது முள் ஒரு பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லையென்றால் பாயின்டிலோ அதற்கு வரும் ஒயரிலோ தொடர்பு அறுந்திருக்கிறது. பிளக்கையும் கார்ப்பரேட்டரையும் தொடவே வேண்டாம். ஒரு நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனை, மழை பெய்து ஓய்ந்த காலையில் புல்லட்டை லாரியில் ஏற்றும் செலவை மிச்சப்படுத்தும்.

டேப்பெட் விஷயத்தில் கடை வழக்கம் இன்னும் நேரடியாகக் கெடுதல் செய்கிறது. வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் நிற்கையில், புஷ்ராடு விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. அப்படி வைத்த இன்ஜின் கொஞ்சம் 'டிக் டிக்' என்று சத்தம் போடவே செய்யும். சத்தம் கேட்டால் வாடிக்கையாளருக்குப் பிடிப்பதில்லை. சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்க வருபவர் முதலில் காது கொடுப்பது அந்தச் சத்தத்துக்குத்தான். ஆகவே பல இடங்களில் டேப்பெட்டை ஒரு இழை கூடுதலாக இறுக்கிச் சத்தத்தை அடக்கிவிடுகிறார்கள். இறுக்கிய டேப்பெட்டால் சூட்டில் வால்வ் முழுவதும் மூடாது. அதன் விளிம்பு எரிந்து கருகும். சில மாதங்களில் கம்ப்ரெஷன் போய் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும். கேட்டவருக்குக் கேட்டது கிடைத்தது, வண்டி கெட்டது. தன் கையால் புஷ்ராடை ஒரு முறை உருட்டிப் பார்த்தவர் அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கவே மாட்டார்.

ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளிலும் இதே கதை. பெட்ரோலோடு எரியும் ஆயிலின் கரி, சைலன்சரின் உள்குழாயில் படிந்து வழியை அடைக்கும். வண்டி பிக்கப் இழக்கும். உள்குழாயை வெளியே இழுத்துக் கரியைச் சுரண்டி மாட்டினால் பழைய வேகம் திரும்பிவிடும். அதைச் செய்யாமலே போர் செய்யப்பட்ட வண்டிகள் இந்த நகரத்தில் நிறைய ஓடுகின்றன.

மெக்கானிக்கின் அனுபவம் சொந்தக்காரருக்கு வராது என்பது அடுத்த காரணம். அனுபவம் எதில் என்று கேட்டால் இந்த வாதம் பலமிழக்கிறது. ஆர்.எக்ஸ். 100 நின்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பாயின்ட் வைத்த புல்லட்டும் போய்விட்டது. வார்ப்பிரும்பு இன்ஜின் 2010 வாக்கில் முடிந்தது. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ். 6 வண்டிகளில் கார்ப்பரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் ஃபியூல் இன்ஜெக்ஷன் பிடித்துவிட்டது. இன்று ஷெட் நடத்தும் நாற்பது வயதுக்காரர் தொழில் பழகியது பாயின்ட் இல்லாத சி.டி.ஐ. பற்றவைப்பு வைத்த ஸ்ப்ளெண்டரிலும் பிறகு வந்த ஸ்கூட்டர்களிலும். அவரிடம் வேலை பழகும் பையன் பாயின்ட் என்ற பொருளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கவே மாட்டான். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் கணினியில் இந்தப் பழைய வண்டியின் உதிரிபாகப் பட்டியலும் இருக்காது. ராயப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் பழைய கைகள் இன்னும் இருக்கின்றன, அவர்கள் பெரிய வித்தைக்காரர்கள். ஆனால் அவர்களுக்கும் வயதாகிறது, அவர்களைத் தேடி வரும் கூட்டமும் பெரிது. 'தெருவுக்கு ஒரு ஷெட்' என்ற வாதத்தில் வரும் ஷெட் வேறு, இந்தப் பெரியவர்களின் ஷெட் வேறு. முன்னதன் எண்ணிக்கையையும் பின்னதன் திறமையையும் சேர்த்துக் காட்டித்தான் இந்தக் கருத்து நிற்கிறது.

இன்னொரு வகை அறிவு எந்த ஷெட்டிலும் கிடைக்காது. இந்த வண்டி போன மாதம் எப்படி ஓடியது, எந்த வேகத்தில் அதிர ஆரம்பித்தது, சோக் போடாமல் ஸ்டார்ட் ஆவது எப்போதிருந்து, ஆயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை குறைகிறது என்ற வரலாறு அது. நோயாளியைக் கேள்வி கேட்காமல் மருந்து எழுதும் மருத்துவரிடம் யாரும் மறுபடி போவதில்லை. பழைய வண்டிக்காகப் பதில் சொல்ல வேண்டியவர் அதன் சொந்தக்காரர். வண்டியைத் திறந்தே பார்த்திராதவருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பதே தெரியாது. பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கப் பழகியவர் 'மைலேஜ் இல்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. பிளக் கறுப்பாக, மையடித்ததுபோல இருக்கிறது, ஏர் ஃபில்டர் சுத்தம் செய்தும் மாறவில்லை என்பார். அந்த ஒரு வாக்கியம் மெக்கானிக்கின் அரை நாளை மிச்சப்படுத்தும்.

நேரக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். பழைய வண்டியைக் கடையில் விடுபவர் நேரம் செலவழிப்பதில்லை என்பது உண்மைக்கு மாறானது. விடப் போவது, ஆட்டோவில் திரும்புவது, போன் செய்வது, "நாளைக்கு வாங்க சார்" என்ற பதிலுக்குப் பிறகு மறுநாள் போவது, எடுத்துவந்த பிறகு அதே கோளாறு திரும்பி மறுபடி கொண்டுபோவது ஆகியவை எல்லாம் நேரம்தான். இதைவிட முக்கியமாக, பழைய வண்டி என்றால் மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டில் சாமான் பட்டியலை எழுதிச் சொந்தக்காரர் கையிலேயே கொடுப்பது இந்த ஊர் வழக்கம். அண்ணா சாலையிலிருந்து பிரியும், ஜி.பி. ரோடு எனப்படும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ, எழும்பூரை ஒட்டிக் கூவம் கரையில் இருக்கும் புதுப்பேட்டைக்கோ போய் வாங்கி வருபவர் அவர்தான்.

வேலையிலேயே கடினமான பகுதி அங்கேதான் நடக்கிறது. ஜி.பி. ரோடில் ஒரே கிளட்ச் கேபிளுக்கு மூன்று நான்கு விலை உண்டு: கம்பெனி சாமான், கம்பெனிக்குச் சப்ளை செய்பவரின் சாமான், லோக்கல், பார்ப்பதற்குக் கம்பெனி பெட்டியைப் போலவே இருக்கும் டூப்ளிகேட். பழைய சாமானைச் சாம்பிளாகக் கையில் கொண்டுபோகாதவர், பல் எண்ணிக்கையும் நீளமும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாதவர், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருவார். மென்மையான இரும்பில் செய்த டூப்ளிகேட் ஸ்ப்ராக்கெட் சீக்கிரமே கூர்த்துப்போகும். தரமற்ற கண்டென்சர் சூடானதும் வேலையை நிறுத்தும், ஆறினால் மறுபடி வேலை செய்யும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க யாராலும் எளிதில் முடியாது. மெக்கானிக் நன்றாகத்தான் பூட்டியிருப்பார். கழற்றிப் பார்த்த அறிவு இல்லாமல் வாங்கிய சாமான் அவருடைய வேலையையும் சேர்த்துக் கெடுக்கும். ஆக, கடைக்குக் கொடுப்பதே எளிது என்பவர்களும் வேலையில் பாதியைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அறிவு மிகத் தேவைப்படும் பாதியை, அறிவில்லாமல் செய்கிறார்கள்.

புதுப்பேட்டை விஷயத்தில் சட்டமும் குறுக்கே வரும். உடைத்து விற்கும் வண்டிகளிலிருந்து கிடைக்கும் பழைய சாமான்கள் பல நேரங்களில் புது டூப்ளிகேட்டைவிட உயர்ந்தவை. அந்தச் சந்தை இல்லையென்றால் பல பழைய வண்டிகள் என்றோ நின்றிருக்கும். ஆனால் இன்ஜின் எண் பொறித்த கிராங்க்கேஸை மாற்றிப் பூட்டினால் வண்டி ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தாது. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க மந்தைவெளி, திருவான்மியூர், கே.கே. நகர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்குப் போகிறவரிடம் ஆய்வாளர் முதலில் பார்ப்பது சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும்தான். கடையில் யார் எதை மாற்றினார்கள் என்பது தெரியாது என்ற பதில் அங்கே செல்லாது. பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே.

கடையால் செய்யவே முடியாத வேலைகளும் உண்டு. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எல்லா பங்க்கிலும் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். பத்து நாள் நிற்கப்போகும் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடி, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இல்லையென்றால் ஸ்லோ ஜெட்டின் நுண்துளை அடைபடும். இதைச் செய்ய வேண்டியவர் நிறுத்தும் வேளையில் வண்டியருகே இருப்பவர்; சர்வீஸுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை விடுவதால் இது நடக்காது. பட்டினப்பாக்கத்திலும் பெசன்ட் நகரிலும் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்குச் செயினில் எண்ணெய் விடுவது, பிரேக் கேபிளின் முனையில் துரு பிடிக்காமல் பார்ப்பது, ஸ்போக் கம்பிகளைத் துடைப்பது போன்றவை வாரந்தோறும் வேண்டிய வேலைகள். வாரந்தோறும் யாரும் ஷெட்டுக்குப் போவதில்லை.

2015 டிசம்பர் வெள்ளம் இதை மிகக் கடுமையாகக் காட்டியது. அடையாற்றின் இரு கரையிலும் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பகுதிகளில் கட்டடத்தின் கீழ்த்தளங்களில் நின்ற வண்டிகள் முழுகிப்போயின. தண்ணீர் வடிந்ததும் செய்ய வேண்டியது ஒன்று, செய்யக்கூடாதது ஒன்று. செய்யக்கூடாதது, ஸ்டார்ட் ஆகிறதா என்று உதைத்துப் பார்ப்பது. உள்ளே போன சேற்றுநீர் ஆயிலோடு கலந்து மோர் நிறத்தில் நிற்கும். அதோடு இன்ஜின் சுற்றினால் பேரிங்குகள் போய்விடும். செய்ய வேண்டியது, பிளக்கைக் கழற்றி, ஆயிலை முழுவதும் வடித்து, புது ஆயில் ஊற்றிக் கிக்கரால் மெல்லச் சுற்றி மறுபடி வடிப்பது. டேங்கையும் கார்ப்பரேட்டரையும் காலி செய்ய வேண்டும். இது முதல் ஓரிரு நாளில் நடந்தாக வேண்டும். அந்த நாட்களில் மெக்கானிக்குகளின் வீடுகளிலும் கடைகளிலும்கூடத் தண்ணீர் நின்றது. வடிந்தபின் அவர்கள் வாசலில் வரிசை நின்றது. காத்திருந்த வண்டிகளின் உள்ளே துரு ஏறிக்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இதே நிலைமை வந்தது. தாழ்வான இந்த நகரத்தில் ஒரு டிரெய்ன் போல்ட்டைக் கழற்றத் தெரிவது வண்டி வைத்திருப்பவரின் அடிப்படைக் கடமை.

இடமில்லை என்ற காரணத்தில் பாதி உண்மை இருக்கிறது. இன்ஜினை இறக்கி வைக்க அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் இடம் கிடையாது. குடியிருப்போர் சங்கமும் ஒப்பாது. ஆனால் இங்கே சொல்லப்பட்ட எந்த வேலைக்கும் வண்டி நிற்கும் இடமும் தரையில் விரித்த இரண்டு செய்தித்தாளும் போதும். ஆயில் சிந்துவதைப் பற்றிய அக்கம்பக்கத்தாரின் கவலை நியாயமானது. சங்கங்கள் அதில் கண்டிப்பாக இருப்பதும் சரி. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கீழ்த்தளத்தில் சிந்திய ஆயில் அந்தக் குழி வழியாக நேரே கிணற்றுக்குப் போகும். வடித்த ஆயிலைப் பழைய கேனில் பிடித்து மூடி, பழைய ஆயில் வாங்குபவரிடம் சேர்க்கும் ஷெட்டில் கொடுத்துவிட வேண்டும்.

கையில் கிரீஸ் படுவது பற்றிய எண்ணத்துக்கு வருவோம். ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கும் வீடுகள் இவை. மறுநாள் அதே ஸ்பேனரைப் பிள்ளை கையில் எடுத்தால் "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பதும் இந்த வீடுகள்தான். தொழிலைச் சாதியோடும் படிப்போடும் சேர்த்து எடைபோட்ட பழக்கத்தின் மிச்சம் இது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஓர் ஆங்கில அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து, உணவு விடுதியில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, கழற்றிப் பூட்டிப் பழகினார். 1920இல் பொள்ளாச்சி – பழனி தடத்தில் பேருந்து ஓட்டத் தொடங்கியவரின் எந்திர அறிவுக்கு அந்தக் கழற்றல்தான் தொடக்கப் பள்ளி.

சொந்தக்காரரே வேலை செய்தால் மெக்கானிக்கின் பிழைப்பு கெடும் என்ற வாதமும் உண்டு. கரிசனத்தோடு சொல்லப்பட்டாலும் அது நடப்புக்கு மாறானது. பாயின்டைத் துடைப்பதில் மெக்கானிக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அந்தச் சில்லறை வேலைக்காகப் பெரிய வேலைகளை ஒத்திப்போட வேண்டியிருப்பது அவருக்குத்தான் நஷ்டம். பராமரிக்கப்பட்ட வண்டி இருபது ஆண்டுகளில் கிளட்ச், வால்வ், போர், கிராங்க் என்று அவரிடம் பலமுறை வரும். 'கொடுத்துவிட்டுக் கவலையில்லாமல் இருக்கும்' சொந்தக்காரரின் வண்டி இரண்டு மூன்று பெரிய பில்லுக்குப் பிறகு அலுத்துப்போய் மூலையில் நிறுத்தப்பட்டு, கடைசியில் இரும்பு எடைக்குப் போய்விடும். அதோடு, வேலையின் கடினம் தெரிந்தவர்தான் கூலியில் பேரம் பேசாமல் கொடுப்பார். கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் வாடிக்கையாளர், அந்த வேலையைத் தன் கையால் செய்து பார்த்தவராகத்தான் இருப்பார்.

இத்தனைக்கும் பிறகு கடைக்குக் கொடுக்க வேண்டிய வேலைகள் நிற்கின்றன; அவற்றை வீட்டில் செய்யத் துணிவது மடமை. எந்திரம் வேண்டிய வேலை எல்லாம் கடைக்கு உரியது: சிலிண்டர் குடைவது, கிராங்கை அழுத்திப் பிரித்துச் சேர்ப்பது, வால்வ் சீட் வெட்டுவது, சட்டத்தில் வெல்டிங், ரிம்மை நேராக்குவது, மேக்னட் காயில் சுற்றுவது. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோடைச் சுற்றியும் இருக்கும் லேத் பட்டறைகளில் இதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சொந்த வேலையில் இறங்குபவர்கள் செய்யும் கேடும் உண்மையானது. அலுமினியக் கேஸில் இறங்கும் போல்ட்டைப் பலம் கொண்டமட்டும் முறுக்கி மரையை அழிப்பார்கள். பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரால் தலையை வழித்துவிடுவார்கள். இதைக் காட்டி 'தெரியாதவர் தொடக்கூடாது' என்பவர்கள், கற்கும் வரிசை ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள். முதலில் காற்று, செயின், கேபிள், ஆயில். பிறகு பிளக், ஏர் ஃபில்டர், கார்ப்பரேட்டர் கிண்ணம். அதன்பின் பாயின்டும் டேப்பெட்டும். பிரேக் ஷூ மாற்றுவதை முதல் முறை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். கிராங்க்கேஸைப் பிரிக்க வேண்டியே இராது.

கொடுக்கும் முறையிலும் சொந்தக்காரரின் அறிவு வேலை செய்ய வேண்டும். போர் என்று முடிவானால், குடைவதற்கு முன் சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து காட்டச் சொல்லலாம். நல்ல லேத்காரர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்து, அதற்கேற்பக் குடையச் சொல்ல வேண்டும். கழற்றிய பழைய சாமான்களை ஒரு பையில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்; அடுத்த முறை சாம்பிளுக்கு உதவும். வேலை முடிந்து வண்டி வந்தபின் முதல் சில நூறு கிலோமீட்டர் புது ரிங் சிலிண்டரோடு பழகும் காலம். அப்போது அதிக வேகமும் கூடாது, டாப் கியரில் திணறவிடுவதும் கூடாது, தொடர்ந்து வெகுதூரம் ஓட்டுவதும் கூடாது. அந்தக் காலம் முடிந்ததும் உலோகத் தூள் கலந்த ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, இன்ஜின் ஆறியபின் ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் ஒருமுறை இறுக்கி, டேப்பெட்டை மறுபடி சரிபார்க்க வேண்டும். அதற்காக வண்டி மீண்டும் ஷெட்டுக்குப் போக வேண்டியதில்லை.